ஒன்றரை நாள் பள்ளி, ஒரு வாழ்நாள் ஆட்டம்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத், பிரஸ் வேலை முடித்து வரும் நம் பிள்ளைகள் சிலர் மாலையில் பறையும் கூத்தடவும் பழகுகிறார்கள். வீட்டில் அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. இந்த மேளத்தை அடிக்க வைத்துத்தானே நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள், அதையே மறுபடி தோளில் மாட்டுவதா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. அதே கேள்விக்கு நடுவே வாழ்ந்த ஒருவரை இந்த வாரம் நினைத்துப் பார்க்கலாம்.

அண்ணாபாவ் சாத்தே 1920 ஆகஸ்ட் 1 அன்று, இன்றைய மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தின் வாட்டேகாவ் கிராமத்தில் மாங் சாதியில் பிறந்தார். இயற்பெயர் துக்காராம். வெள்ளையர் ஆட்சி அந்தச் சாதியைக் குற்றப்பரம்பரைப் பட்டியலில் வைத்திருந்தது. அவர் பள்ளிக்குப் போனது ஒன்றரை நாள் மட்டுமே. அங்கு நடந்த அவமதிப்பும் அடியும் அவரைத் திரும்பிப் பார்க்க விடவில்லை. சிலம்பம் போன்ற தடிவீச்சும் வாள்வீச்சும் ஊரில் பழகினார். உடம்புதான் அவருடைய முதல் பாடப்புத்தகம்.

பஞ்சம் பிழைக்க, பெற்றோருடன் பல மாதம் நடந்தே பம்பாய் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினொன்று இருக்கும். மூட்டை சுமந்தார், எடுபிடி வேலை செய்தார், பஞ்சாலையில் உழைத்தார். கடைப் பலகைகளையும் சினிமா சுவரொட்டிகளையும் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

பிறகு ஊர் திரும்பியவர், உறவினர் பாபு சாத்தேயின் தமாஷா குழுவில் சேர்ந்தார். அங்கேதான் தன் கலையைக் கண்டுகொண்டார். தமாஷா நம் தெருக்கூத்தைப் போன்றது. அதற்குத் திரைச்சீலையோ அரங்கப் பொருட்களோ கிடையாது. ஆடுகிறவர் உடம்பே வீடாகும், சந்தையாகும், அரசவையாகும். டோல்கியும், நம் பறைக்கு உறவான ஹல்கியும் அதன் உயிர். மகார், மாங், கோல்ஹாட்டி மக்கள் கட்டிக் காத்த கலை என்பதாலேயே மேல்சாதியார் அதை ஆபாசம் என்றார்கள். ரகசியமாக ரசிக்கவும் செய்தார்கள். சாத்தே அதில் வாத்தியங்கள் பழகினார், பல வேடங்கள் கட்டினார்.

மீண்டும் பம்பாய் வந்து, மாட்டுங்கா லேபர் கேம்பில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்குப் போன மக்கள் வாழும் தாராவிக்கு ஒட்டிய இடம் அது. 1944-இல் அமர் ஷேக், கவான்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஆடினார்கள்.

அங்கேதான் அவர் ஒரு பெரிய மாற்றம் செய்தார். தமாஷாவின் தொடக்கத்தில் விநாயகர் வணக்கம் வரும். அடுத்து கண்ணனும் கோபியரும் வரும் கேலிப் பகுதி. சாத்தே கடவுள் வணக்கத்தை எடுத்துவிட்டு மண்ணையும் உழைப்பாளியையும் தியாகிகளையும் வணங்கினார். கோபியர் கேலியை நீக்கினார். கூத்தில் சிரிப்புக்கு ஆளானவன் இனி ஏழை அல்ல, வட்டிக்காரனும் முதலாளியும்தான். மேளம் அதே மேளம். யாருக்காக அடிப்பது என்பது மாறிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் பம்பாய் அரசு தமாஷாவைத் தடை செய்தபோது, மக்கள் நாடகம் என்ற பொருளில் லோகநாட்டியம் என்ற பெயரோடு அந்த ஆட்டம் தொடர்ந்தது.

கலையின் காயத்தையும் அவர் மறைக்கவில்லை. தமாஷாவில் ஆடும் பெண்கள் சுரண்டப்படுவதை வைஜயந்தா நாவலில் எழுதினார். முப்பத்தைந்து நாவல்கள் எழுதிய அவர், 1959-இல் வெளிவந்த ஃபகீராவை அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார். 1958-இல் பம்பாயில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. இந்த உலகம் நிற்பது தலித்துகள், தொழிலாளர்களின் கைகளில்தான் என்று அங்கே பேசினார். 1961-இல் சோவியத் நாட்டுக்குப் போய் வந்தார். கடைசிவரை வறுமை விடவில்லை. 1969 ஜூலை 18 அன்று, 48 வயதில் மறைந்தார். 2002-இல் அஞ்சல்தலை வந்தது.

இப்போது நம் வீட்டுத் தாய்மார்களின் கேள்விக்கு வருவோம். அவர்கள் கோபம் நியாயமானது. பிணத்துக்கு முன்னால் அடி என்று சாதியின் பேரால் கட்டளையிட்டால், அந்த மேளத்தை நாம் இறக்கி வைக்கத்தான் வேண்டும். அதில் சமரசம் கிடையாது. ஆனால் எங்கே, எதற்காக, யாருக்கு முன்னால் அடிப்பது என்பதை அடிக்கிறவனே முடிவு செய்யும்போது, அது ஊழியம் அல்ல, கலை. சாத்தே செய்தது அதைத்தான்.

எட்டு மணி நேரம் எந்திரத்துக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை, மாலையில் ஒரு மணி நேரம் அதே உடம்பைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறான். அம்மா, ஒருநாள் வந்து அவன் ஆடுவதைப் பாருங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், உட்கார்ந்து பேசுவோம்.