இறந்த கழுகுக்கு உயிர் கொடுத்த ஓவியர்

பறவைப் படம் வரையச் சொன்னால் நாம் பென்சிலில் அவுட்லைன் போட்டு, வாட்டர் கலர் அடித்து முடித்துவிடுவோம். ஆனால் ஒரே தாளில் பென்சில், வாட்டர் கலர், பாஸ்டல், இங்க் என்று எல்லாத்தையும் கலந்து, இப்பவே பறந்துடுமோன்னு நினைக்கிற மாதிரி வரைந்த ஒருவர் 200 வருடத்துக்கு முன்பே இருந்தார். அவர்தான் ஜான் ஜேம்ஸ் ஆடுபான்.

1785 ஏப்ரல் 26-ல், இன்று ஹெய்ட்டி எனப்படும் நாட்டில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர், கப்பல் கேப்டன். பிரான்சில் வளர்ந்த பையனை நெப்போலியன் படையில் பிடித்துப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, 18 வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே கடை வைத்தார். உடம்பு கடையில், மனசு காட்டில்! வியாபாரம் எப்படி உருப்படும்? 1819-ல் எல்லாம் போச்சு. கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். அவர் படம் வரைய ஊர் ஊராக அலைந்தபோது மனைவி லூசிதான் டீச்சர் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். அந்த அம்மாவுக்குத்தான் முதல் பரிசு கொடுக்கணும் என்பது என் கருத்து.

அக்காலத்தில் பஞ்சு அடைத்த பறவையைப் பார்த்து வரைவார்கள். படமும் பொம்மை மாதிரியே இருக்கும். ஆடுபான் அப்போதுதான் சுட்ட பறவையை, கட்டம் போட்ட பலகையில் கம்பிகளால் குத்தி, பறப்பது போலவோ இரை கொத்துவது போலவோ நிறுத்துவார். தாளிலும் அதே அளவு கட்டம் போட்டு நிஜ அளவிலேயே வரைவார். (நாமும்தான் கட்டம் போட்டு மேப் வரைகிறோமே!) வாட்டர் கலருக்கு மேலே பாஸ்டல் தேய்த்தால் இறகு மெத்துன்னு தெரியும். கறுப்பு இறகின் மேல் பென்சில் கோடு இழுத்தால் பளபளப்பு வரும். சில நேரம் வேறு தாளில் வரைந்த பறவையை வெட்டி ஒட்டியும் இருக்கிறார். தாள் 39 அங்குலத்துக்கு மேல் உயரம், நம்ம சார்ட் அட்டையை விடப் பெரிசு. அதுக்குள்ளேயும் அடங்காத பூநாரையைக் கழுத்தை வளைத்துக் குனிய வைத்து வரைந்துவிட்டார்!

1833-ல் பாஸ்டன் நகரில், பொறியில் சிக்கிய ஒரு பொன்னாங்கழுகை உயிரோடு விலைக்கு வாங்கினார். விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஆனால் படம் வேணுமே! இறகு கெடாமல் கொல்ல, மூடிய அறையில் கரி மூட்டிப் புகை போட்டார். கழுகு சாகவில்லை, அவரையே முறைத்துப் பார்த்தது. கந்தகமும் சேர்த்தார். அப்பவும் சாகல. கடைசியில் கூரான கம்பியால் இதயத்தில் குத்தினார். பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் ராப்பகலாக வரைந்து, முடித்ததும் நோயில் விழுந்தார். படத்திலோ கழுகு முயலைத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறக்கிறது. இதைப் படித்ததிலிருந்து அந்தப் படத்தை என்னால் சும்மா பார்க்க முடியல.

இப்படி வரைந்தவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, 1827 முதல் 1838 வரை 435 படங்களாக இங்கிலாந்தில் வெளியிட்டார். அமெரிக்கப் பறவைகள் என்ற அந்த நூலின் ஒரு பிரதி 2010-ல் 73 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அடேங்கப்பா! அதில் உள்ள கரோலினா கிளி, பயணிப் புறா இரண்டும் இன்று உலகத்திலேயே இல்லை. அவற்றின் அழகைப் பார்க்க அவர் படங்களைத்தான் தேடிப் போகணும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவர் கறுப்பின மக்களை அடிமைகளாக வாங்கி விற்றவர். அதனால் அமெரிக்காவில் அவர் பெயரில் இருந்த சில பறவைச் சங்கங்கள் 2023-ல் பெயரை மாற்றிக்கொண்டன.

1851 ஜனவரி 27-ல் நியூயார்க்கில் இறந்தார். 1863-ல் லூசி விற்ற மூல ஓவியங்கள் அந்த ஊரில்தான் பாதுகாக்கப்படுகின்றன. கழுகுப் படமும் அதில் உண்டு. அதன் ஒரு மூலையில், பள்ளத்தின் மேல் கிடக்கும் மரத்தில் ஒரு குட்டி மனிதன் செத்த பறவையை முதுகில் கட்டிக்கொண்டு தவழ்ந்து போகிறான். அது ஆடுபானேதான் என்கிறார்கள். அச்சான படத்தில் அந்த மனிதன் இல்லை.