கஜானாவா? கஞ்சிக் கலயமா?

மோகனூர், காவிரிக் கரை ஊர். 1937-ல் அது சேலம் ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, ஜில்லா முழுவதும் கள்ளு, சாராயக் கடைகள் மூடப்பட்டன.

மூடச் செய்தவர் ராஜாஜி.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் அவர். சேலத்தில் பேர்பெற்ற வக்கீல். கை நிறைய வருமானம். காந்தி அழைத்ததும் அதை உதறிவிட்டார்.

1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். வானம் பார்த்த பூமி அது. சுற்று வட்டாரப் பெண்கள் ராட்டையில் நூல் நூற்று நாலு காசு பார்த்தார்கள். அந்தக் காசும் பொழுது சாய்ந்தால் கள்ளுக்கடைக்குப் போயிற்று! அதை ராஜாஜி கண்ணால் கண்டார். மதுவை எதிர்க்கவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் துணை.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாண முதல் மந்திரி ஆனார்.

கள்ளுக்கடை ஏலத்தால் சர்க்காருக்குக் கொள்ளை வருமானம். பள்ளிக்கூடச் செலவுக்கும் அதுதான். கடையை மூடினால் கஜானா காலியாகும் என்று பலர் பயந்தார்கள். கஜானா நிரம்பினால் குடிசையில் உலை கொதிக்குமா? ராஜாஜி குடிசைப் பக்கம் நின்றார். முதலில் மூடியது சொந்த ஜில்லாவில்.

பலன் என்ன? அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர்கள் நேரில் வந்து குடும்பங்களின் வரவு செலவை விசாரித்தார்கள். குடிக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் போகத் தொடங்கியிருந்தது. கடனும் குறைந்திருந்தது.

கஷ்டப்பட்டவர்களும் உண்டு. மரம் ஏறிக் கள் இறக்கியவர்கள் பிழைப்பை இழந்தார்கள். பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அவர்களுக்கு வழி காட்டப்பட்டது.

1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1939-ல், இழந்த வருமானத்தை ஈடுகட்ட விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் ஏசினார்கள். பிற்பாடு எல்லா மாகாணங்களும் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டன!

1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் அமலாயிற்று.

பிறகு 1971. சர்க்காருக்குப் பணம் வேண்டும் என்று மதுவிலக்கை ஒத்திவைக்க முடிவாயிற்று. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதி வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. கடைகள் திறந்தன.

மறு ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி காலமானார். 2003-ல் மதுவைச் சில்லறையில் விற்கும் வேலையை சர்க்காரே ஏற்றுக்கொண்டது.