ஓட்டாமலே பிழை காணச் சொன்னவர்

கணிப்பொறி இயலின் தந்தை எனப் போற்றப்படும் ஆலன் டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஆயினும் அவருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அவருடைய அன்னை சாரா 1881-இல் பிறந்தது, கோவையை அடுத்த போத்தனூரில். அன்னையின் தந்தை சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ், நம் கடலூரும் சிதம்பரமும் அடங்கியிருந்த பழைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் இங்கே பணியில் இருக்க, ஆலனும் அண்ணனும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர்.

மின்னணுக் கணிப்பொறி ஒன்றுகூட இல்லாத 1936-இல், டூரிங் ஒரு கற்பனை இயந்திரத்தைத் தாளிலேயே படைத்தார். எந்த ஆணைத்தொடரைக் கொடுத்தாலும் அதன் போக்கைத் தவறாமல் முன்கூட்டிச் சொல்லிவிடும் பொதுமுறை இருக்கவே முடியாது என்று அதைக் கொண்டு நிறுவினார். போர்க்காலத்தில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்ததில் அவருக்கிருந்த பங்கு உலகறிந்தது. அதிகம் பேசப்படாத வேறொரு பணியையே இங்கே சொல்ல விழைகிறேன்.

1949-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று, கேம்பிரிட்ஜில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் அவர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று படித்தார். பெரிய ஆணைத்தொடர் ஒன்று சரியானதா என்று எப்படிச் சோதிப்பது என்பதே பொருள்.

நாம் என்ன செய்கிறோம்? ஓட்டிப் பார்க்கிறோம். இரண்டு மூன்று எண்களுக்கு விடை சரியாக வந்தால், ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். (நானும் விலக்கல்ல.) நான்காவது எண் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

டூரிங் கூட்டல் கணக்கை உவமையாகக் காட்டினார். நீண்ட கூட்டலில் விடையை மட்டும் எழுதிவைத்தால், சரிபார்ப்பவர் முழுவதையும் மீண்டும் கூட்ட வேண்டும். அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லும் எண்ணையும் எழுதிவைத்தால், ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியே சோதிக்கலாம். ஆணைத்தொடர் எழுதுபவரும் அப்படியே, இந்த இடத்தில் இந்த மதிப்பு இருக்க வேண்டும் என்று ஆங்காங்கே உறுதிமொழி எழுதிவைக்க வேண்டும் என்றார். பெருக்கலே இல்லாமல், கூட்டலை மட்டும் கொண்டு காரணீயப் பெருக்கம் காணும் ஆணைத்தொடரை அவ்வாறே சோதித்துக் காட்டினார். அது முடிவில்லாமல் சுற்றாது என்பதற்கும் வழி சொன்னார்: ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் காட்டினால் போதும். எல்லாவற்றுக்கும் பொதுமுறை இல்லை என்று நிறுவிய அதே மனிதர், குறிப்பிட்ட ஒன்றுக்குச் சான்று தர முடியும் என்று காட்டியது எனக்கு வியப்பூட்டுகிறது.

1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் 'லிண்ட்' என்ற கருவி பிறந்தது. துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசுக்கு அப்பெயர். மதிப்புத் தராமல் பயன்படுத்திய மாறி, ஒருபோதும் எட்டாத வரி போன்றவற்றை அது ஓட்டாமலே சுட்டும். இன்றுள்ள அத்தகைய கருவிகளும் சில பிழைகளைத் தவறவிடுகின்றன; பிழையில்லாத இடத்திலும் எச்சரிக்கின்றன. 1936-இல் டூரிங் வகுத்த எல்லையை அவற்றாலும் தாண்ட இயலாது.

தன்பால் உறவுக்காக 1952-இல் தண்டிக்கப்பட்ட டூரிங், 1954 ஜூன் 7-இல் 41 வயதில் சயனைடு நஞ்சால் இறந்தார். அரச மன்னிப்பு 2013-இல்தான் வந்தது.

பிழை காண வழி சொன்ன அக்கட்டுரையோ, அச்சுப்பிழைகள் மலிந்து வெளிவந்து கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1967-இல் ஃபிளாய்டு என்பவர் ஏறத்தாழ அதே முறையைத் தாமே வகுத்தார். 1984-இல் மாரிஸ், ஜோன்ஸ் என்னும் இருவர் டூரிங்கின் கட்டுரையை வரிவரியாக ஆராய்ந்து, திருத்தி வெளியிட்டனர்.