சலனப்பட முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட்

திரைப்படம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கோடம்பாக்கம். ஆனால் தென்னாட்டவர் ஒருவர் தம் சொந்தக் கருவியோடு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டது நம் திருச்சிராப்பள்ளியிலிருந்துதான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883-இல் கோவையில் பிறந்த அவர், தென்னிந்திய ரயில்வேயில் சிறு உத்தியோகம் பெற்றுத் திருச்சியில் இருந்தார். 1905-இல் தூபோன் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியும் படச்சுருள்களுமாக இங்கு வந்தார். உடல்நலம் குன்றியதால் அவற்றை விற்றுவிட்டு நாடு திரும்ப எண்ணினார். சாமிக்கண்ணு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பணம் திரட்டி அனைத்தையும் வாங்கினார், வேலையையும் விட்டார். அக்காலத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

அவர் வாங்கியது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்நாளில் படச்சுருள் துணியைப்போல அளந்து விற்கப்பட்டது. வாங்கியவர் எங்கும் காட்டலாம், எத்தனை முறையும் காட்டலாம், அலுத்துப்போனால் விற்றும்விடலாம். இரண்டே ஆண்டுகளில், 1907-இல், பிரான்சின் பாத்தே நிறுவனம் படங்களை விற்பதை விட்டு வாடகைக்குத் தரும் முறையைத் தொடங்கியது. சாமிக்கண்ணு நல்ல நேரத்தில் வாங்கினார் என்றே சொல்ல வேண்டும்.

மின்சாரம் எட்டாத ஊர்களில் கூடாரம் அடித்து, கையால் சுற்றி இயேசுநாதர் வாழ்க்கைப் படத்தைக் காட்டினார். தெற்கே திருவனந்தபுரம், வடக்கே லாகூர், பெஷாவர், கடல் கடந்து ரங்கூன் என்று அவர் கூடாரம் பயணப்பட்டது. 1909-இல் சென்னைக்கு வந்தபோது தம் காட்சிக்கு எடிசன் பெயரையே சூட்டியிருந்தார்: எடிசன்ஸ் கிராண்ட் சினிமாமெகாபோன்.

அதே எடிசன் அமெரிக்காவில் செய்துகொண்டிருந்ததோ வேறு! 1908 டிசம்பரில் அவரும் பிற கம்பெனியாரும் சேர்ந்து பேட்டண்ட் உரிமைகளை ஒன்றாக்கி ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தனர். கருவிகளில் ஒரு தகடு பதித்து, தங்கள் அனுமதி பெற்ற படங்களைத் தவிர வேறு எதையும் அதில் ஓட்டக்கூடாது என்றனர். முன்பே முழு விலை கொடுத்துக் கருவி வாங்கிய கொட்டகைக்காரரும் வாரம் 2 டாலர் கட்ட வேண்டியிருந்தது. தன் பணத்தில் வாங்கிய பொருளுக்குத் தானே குடிக்கூலி தருவது என்ன நியாயம்? நல்லவேளை, ஒரு நாட்டின் பேட்டண்ட் இன்னொரு நாட்டில் செல்லாது. கோவைக்காரரின் கூடாரத்துக்கு அந்தத் தகடு வரவில்லை.

அங்கும் வழக்கு நடந்தது. 1912-இல் ஒரு படியெடுக்கும் கருவி வழக்கில், எங்கள் மையைத்தான் ஊற்ற வேண்டும் என்ற உற்பத்தியாளர் பக்கமே அமெரிக்க உச்ச நீதிமன்றம் நின்றது. 1917-இல், எடிசன் கூட்டத்தார் யுனிவர்சல் கம்பெனி மீது தொடுத்த வழக்கில், அதே நீதிமன்றம் மனம் மாறித் தகட்டின் நிபந்தனை செல்லாது என்றது. நூறு ஆண்டு கழித்து, 2017-இல், லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் மைப்பெட்டி வழக்கிலும், விற்றதோடு அப்பொருளின் மீதான பேட்டண்ட் உரிமை தீர்ந்தது என்றே அங்கு தீர்ப்பாயிற்று. ஆனால் இன்று தகட்டுக்குப் பதில் கருவிக்குள் ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. வேறு கம்பெனி மைப்பெட்டியைச் செருகினால் அச்சுப்பொறி நின்றுவிடுகிறது. இயற்பியல் மாணவனான எனக்கு, கருவியின் தேவை எது, கம்பெனியின் தேவை எது என்று பிரித்துக் கேட்கத் தோன்றுகிறது.

சாமிக்கண்ணுவோ கருவி வாங்கியதோடு நிற்கவில்லை. படக்கருவிகளைத் தருவித்துப் பிறருக்கும் விற்றார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறியது அதுவே. பேசும் படக் காலத்தில், 1933-இல், கல்கத்தாவில் வள்ளி திருமணம் எடுப்பதில் பங்கு கொண்டார். 1942-இல் மறைந்தார். அவர் அரங்கு நின்ற தெருவை இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே கோவை மக்கள் அழைக்கின்றனர்.