அப்பா இருக்கும் வரைதான் வீடு

ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிரான்டி 1816ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை பேட்ரிக் பிரான்டி அயர்லாந்துக்காரர், பாதிரியார். 1820இல் யார்க்ஷயர் பகுதியிலுள்ள ஹாவர்த் கிராமத்துக்கு நியமனம் பெற்று, மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் குருமனையில் குடியேறினார்.

கல்லால் கட்டிய நல்ல வீடுதான். ஆனால் வாசலில் சிறு தோட்டம். அதைத் தாண்டினால் கல்லறைகள். அடுத்த ஆண்டே தாய் இறந்தார். 1825இல் மூத்த பெண்கள் இருவரும் போயினர். மிஞ்சியவர்கள் சார்லட், தம்பி பிரான்வெல், தங்கைகள் எமிலி, ஆன்.

குருமனையில் ஒரு சங்கடம் உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு சபைக்குச் சொந்தம். பாதிரியார் கண்ணை மூடினால் அடுத்து வருபவருக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும். நிலம் நீச்சு எதுவும் கிடையாது. எனவே பெண்கள் வேலைக்குப் போனார்கள். 1841இல் சார்லட் ஒரு வியாபாரி வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. அதில் துணி வெளுக்க 4 பவுண்டு பிடித்தம்! 1844இல் குருமனையிலேயே விடுதியுடன் பள்ளி நடத்த நோட்டீஸ் அச்சடித்தார்கள். கட்டணம் 35 பவுண்டு. ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை.

சகோதரிகள் மூவரும் இரவில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடந்தபடியே தங்கள் கதைகளைப் பேசித் தீர்ப்பது வழக்கம். அப்படி உருவானவை அவர்களுடைய நாவல்கள். 1847இல் சார்லட் புனைபெயரில் எழுதிய 'ஜேன் அயர்' வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. புகழ் வந்த வேகத்தில் சாவும் வந்தது. 1848 செப்டம்பரில் தம்பி, டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன். அதன் பிறகு இரவில் சார்லட் மட்டும் தனியே அந்த மேஜையைச் சுற்றி நடந்தார்.

1852இல் தந்தையின் உதவிப் பாதிரியார் நிக்கல்ஸ் அவரைப் பெண் கேட்டார். ஆண்டுக்கு 100 பவுண்டு வாங்குபவருக்கா பெண் என்று கிழவர் கொதித்தார். மகளும் மருமகனும் குருமனையிலேயே தம்மோடு இருப்பார்கள் என்று ஏற்பாடான பிறகே இணங்கினார். 1854 ஜூனில் திருமணம். 1855 மார்ச்சில், கர்ப்பிணியாக இருந்த சார்லட் அதே வீட்டில் இறந்தார். வயது 38.

யாருக்குப் பின் எங்கே போவது என்று பெண்கள் பயந்தார்களோ, அந்தத் தந்தை ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு 1861 வரை வாழ்ந்தார். 84 வயதில் அங்கேயே இறந்தார். கடைசி வரை பார்த்துக்கொண்டவர் நிக்கல்ஸ்தான். ஆனால் காலியான பதவியை அவருக்குக் கொடுக்கவில்லை. சாமான்கள் ஏலம் போயின. நிக்கல்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு அயர்லாந்துக்குத் திரும்பினார்.