இருக்கையைத் தருவது யார்? எம்.சி. ராஜாவின் சட்டமன்ற வாழ்க்கை

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்று எடப்புளி நாடு. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சேந்தமங்கலம் தனித்தொகுதியில் வாக்களிக்கிறார்கள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். சில மாதங்களுக்கு முன் எடப்புளி நாட்டில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில், பட்டப்படிப்புப் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தனித்தொகுதி என்பது நமக்குக் கொடுக்கப்பட்டதா, நாம் போராடிப் பெற்றதா என்பதே அக்கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 332ஆம் பிரிவைச் சொல்லி நான் பதிலளித்தேன். அது சட்டத்தின் பதில்தானே தவிர, வரலாற்றின் பதில் அல்ல என்பது மலையிறங்கும்போதுதான் உறைத்தது.

வரலாற்றின் பதிலைத் தேடுபவர், சென்னை மாகாணச் சட்டசபையில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று இடப்பட்ட முதல் இருக்கைகளிலிருந்து தொடங்க வேண்டும். அவ்விருக்கைகள் கைமாறிய விதத்தையும் உருமாறிய விதத்தையும் தம் வாழ்நாளிலேயே முழுமையாகக் கண்டவர் ராவ் பகதூர் எம்.சி. ராஜா. ஆளுநர் நியமித்த இருக்கை, கூட்டுத் தேர்தலில் ஒதுக்கப்பட்ட இருக்கை ஆகிய இரண்டின் ஆற்றலையும் எல்லையையும் அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

ஆசிரியரிலிருந்து சங்கச் செயலாளர்

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று சென்னை பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியராகப் பணியாற்றினார், பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். பள்ளிக்கூடத்தின் வாசலே ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், அச்சமூகத்திலிருந்து வந்த ஒருவர் மற்றவர் பிள்ளைகளும் படிக்கும் பாடநூலை எழுதியது சிறிய செய்தி அன்று.

1916இல் அவர் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். சபைக்குப் பின்னால் நீண்ட மரபு இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமைப்புகளையும் இதழ்களையும் நடத்தி, விண்ணப்பங்கள் வழியாக அரசுடன் வாதாடியிருந்தனர். ராஜாவின் தலைமுறைக்கு வேறொரு வாய்ப்பு வந்தது. விண்ணப்பத்தை வெளியிலிருந்து அனுப்பாமல், சட்டசபைக்குள்ளேயே எழுந்து நின்று பேசும் வாய்ப்பு அது.

ஆளுநர் தந்த இருக்கை

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சென்னைச் சட்டசபையை விரிவுபடுத்தியது. ஆளுநரின் நிர்வாகக் குழுவினர் நீங்கலாக 127 உறுப்பினர்கள். அவர்களுள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 29 பேர் நியமிக்கப்பட்டவர்கள். தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் 28 பார்ப்பனரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. முஸ்லிம்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் தனித் தொகுதிகள் கிடைத்தன. பெருநிலவுடைமையாளர்களுக்கும் வணிக அமைப்புகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும்கூடத் தேர்தல் இடங்கள் இருந்தன.

பறையர், பள்ளர், வள்ளுவர், மாலர், மாதிகர், சக்கிலியர், செருமர், ஹொலெயர் உள்ளிட்ட சாதிகள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்தவை ஐந்து இடங்கள். ஐந்தும் நியமன இடங்கள். ஜமீன்தார்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்துகொண்டார்கள். சேரியின் பிரதிநிதியை ஆளுநர் தேர்ந்தார். இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தாரான ப. சுப்பராயன், நிலவுடைமையாளர் பிரதிநிதியாகச் சபைக்குள் நுழைந்து 1926இல் மாகாணத்தின் முதன்மை அமைச்சராகவே உயர்ந்தார். சொத்து உள்ளவருக்கு வாக்கும் சொத்து இல்லாதவருக்கு நியமனமும் என்பதே அச்சட்டத்தின் கணக்கு. நான்கு கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 1920 தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் மட்டுமே.

 பின்தங்கிய பகுதிகளுக்கென்று சபையில் ஒரேயொரு நியமன இடம் இருந்தது உண்மை. ஆனால் அரசு அப்பெயரால் குறித்தவை வடக்கே கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களின் ஏஜென்சி மலைகளே. கொல்லிமலையின் மக்கள் அந்த ஒற்றை இடத்தின் கணக்கிலும் வரவில்லை.

இத்தகைய சபையில்தான் ராஜா ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நியமன உறுப்பினராக அமர்ந்தார். நீதிக்கட்சியோடு இணைந்து செயல்பட்டு, அதன் சட்டமன்றத் துணைத்தலைவராகவும் ஆனார். 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதிகளில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதிகளில் ஆதிஆந்திரர் என்றும் வழங்கக் கோரியது. சபை அதை ஏற்றது, அரசும் ஆணை பிறப்பித்தது. பெயர் மாறுவதால் வாழ்க்கை மாறிவிடுமா என்று இன்று கேட்பது எளிது. இழிவாக ஒலித்த சொல்லையே தன் சாதிச் சான்றாகவும் பள்ளிப் பதிவாகவும் சுமந்த தலைமுறைக்கு, நிலத்தின் மூத்த குடி என்னும் உரிமையை அரசின் ஏட்டிலேயே பதிய வைத்தது அரசியல் வெற்றிதான்.

கூட்டணி முறிந்த இடம்

அந்த வெற்றிக்கு முந்தைய ஆண்டிலேயே கூட்டணியில் விரிசல் விழுந்திருந்தது. 1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. வேலையிழந்தால் தாங்கிக்கொள்ள நிலமோ உறவுப் பின்புலமோ அவர்களுக்கு இல்லை. புளியந்தோப்பில் மோதல்களும் தீவைப்புகளும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்கள், ஒடுக்கப்பட்டோர் நலனுக்காக இயங்கிய தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுவதே கலவரத்துக்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டினார்கள். வீடிழந்தவர்கள் பக்கம் நின்ற ராஜா, 1923இல் அக்கட்சியை விட்டு வெளியேறினார்.

இங்கு ஒரு முரண் இருக்கிறது. கட்சி மாறினால் இருக்கை போய்விடும் என்ற அச்சம் ராஜாவுக்கு இருக்கவில்லை. அவரை அமர்த்தியது கட்சி அன்று, ஆளுநர். நியமனம் அவரைக் கட்சியிடமிருந்து விடுவித்தது. அதே நியமனம் அவரை ஆட்சியாளரின் நல்லெண்ணத்தோடு கட்டிப்போட்டது. அடுத்த பதவிக்காலத்துக்கும் வேண்டுமா வேண்டாமா என்பதைப் புளியந்தோப்பு மக்கள் முடிவு செய்ய இயலாது. ஆங்கிலேயர் ஆதரவாளர் என்ற பழியைக் காங்கிரசார் அவர்மீதும் அவர் காலத்து ஒடுக்கப்பட்டோர் தலைவர்கள் அனைவர்மீதும் சுமத்தியதற்கு இந்த அமைப்பே வசதி செய்து கொடுத்தது. பழி சுமத்தியவர்கள், தேர்தல் வழியை அம்மக்களுக்கு அடைத்தது யார் என்று கேட்கவில்லை.

நியமன இருக்கைகளில் அமர்ந்தவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சபைக்கு வந்தார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்பதை 1924இல் சபைத் தீர்மானமாகவும் அரசாணையாகவும் ஆக்கியதில் ஒடுக்கப்பட்ட வகுப்பு உறுப்பினர்களின் உழைப்பே முதன்மையானது. பம்பாய்ச் சட்டசபைக்குள் அம்பேத்கர் நுழைந்ததும் நியமனத்தின் வழியாகத்தான்.

1932: இரு பாதைகள்

ராஜா 1927இல் டெல்லி மத்தியச் சட்டசபைக்கு ஒடுக்கப்பட்ட வகுப்புகளின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1937 வரை அங்கிருந்தார். அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். சைமன் குழுவோடு இணைந்து செயல்பட்ட இந்திய மத்தியக் குழுவில் இடம்பெற்றார். ஆனால் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் அம்பேத்கரும் சீனிவாசனுமே.

தனி வாக்காளர் தொகுதியை முன்பு ஆதரித்த ராஜா, 1932 தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். கூட்டுத் தேர்தல், அதற்குள் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கப்பட்ட இடங்கள் என்பதே அதன் சாரம். நாடெங்கும் பரவி வாழும் சிறுபான்மையினர் அண்டை வீட்டாரோடு மோதிக்கொண்டே உரிமை பெற இயலாது என்பது அவர் தரப்பு நியாயம். ஒடுக்குபவரின் வாக்கால் வெல்பவர் ஒடுக்கப்பட்டவருக்காகப் பேச முடியாது என்பது அம்பேத்கரின் நியாயம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதியும் பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கும் வழங்கியது. காந்தியார் சாகும்வரை உண்ணாநோன்பைத் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரும் அதில் ஒப்பமிட்டார்கள். மாகாணச் சட்டசபைகளில் மொத்தம் 148 இடங்கள், அவற்றுள் சென்னைக்கு 30. ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் முதலில் நால்வரைத் தேர்வு செய்வார்கள். அந்நால்வருள் ஒருவரை அனைத்துச் சாதி வாக்காளர்களும் தேர்வார்கள். எண்ணிக்கை பெருகியது, இறுதித் தீர்ப்பு கைமாறியது. கூட்டுத் தேர்தல் என்ற ராஜாவின் நிலைப்பாடே நடைமுறைக்கு வந்தது என்று சொல்லலாம். அதன் விலையை ஆறே ஆண்டுகளில் அவரே கொடுக்க நேர்ந்தது.

1938: கொறடாவின் முன்னால்

1935 சட்டத்தின்படி சென்னையில் 215 இடங்கள் கொண்ட சட்டப்பேரவை அமைந்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் 159 இடங்களை வென்றது. ஒதுக்கப்பட்ட 30 இடங்களில் 26 அக்கட்சிக்குச் சென்றன. காங்கிரஸ் பதவியேற்கத் தயங்கியதால் ஏப்ரலில் கூர்மா வெங்கட ரெட்டியின் இடைக்கால அமைச்சரவை அமைந்தது. ராஜா அதில் வளர்ச்சித்துறை அமைச்சரானார். ஜூலையில் இராஜாஜி பொறுப்பேற்றதும் அவர் எதிர்வரிசைக்கு வந்தார்.

1938இல் ராஜா இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று பொதுச் சாலை, கிணறு, குளம், ஊர்தி, பொது நிறுவனம் ஆகியவற்றில் தீண்டாமையின் பெயரால் தடை விதிப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அத்தகைய வழக்கத்தை எந்த நீதிமன்றமும் அங்கீகரிக்கக் கூடாது என்றது. அம்மசோதா சென்னைச் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டமாக நிறைவேறியது. 1924இல் வெறும் ஆணையாக இருந்தது தண்டனை கொண்ட சட்டமாயிற்று.

இரண்டாவது மசோதா கோயில் நுழைவு பற்றியது. கிணறு வரை வந்த அரசு கோயில் வாசலில் நின்றுவிட்டது. மலபாருக்கு மட்டும் தனி மசோதா வரவிருக்கிறது, இதைத் திரும்பப் பெறுங்கள் என்று இராஜாஜி கேட்டுக்கொண்டார். ராஜா மறுத்தார். காந்தியாருக்கு எழுதி முறையிட்டார். இராஜாஜியை நம்பும்படியே அறிவுரை வந்தது. வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களிலிருந்து வந்த காங்கிரஸ் உறுப்பினர்களும் கட்சிக் கட்டளைக்கு உட்பட்டு மசோதாவுக்கு எதிராகவே வாக்களித்தார்கள்.

தம் மக்களுக்கான கதவைத் திறக்கும் மசோதாவை, தம் மக்களுக்கான இருக்கையில் அமர்ந்தவர்களே தோற்கடித்த நாள் அது. அவ்வுறுப்பினர்களைத் துரோகிகள் என்று ஏசிவிட்டு நகர்வது வசதியானது. அவர்களை நிறுத்தியது கட்சி, வெல்ல வைத்தது பிற சாதியினரின் பெரும்பான்மை வாக்கு, மறுமுறை இடம் தருவதும் அக்கட்சியே. ஆளுநரின் கையிலிருந்த சாவி கட்சித் தலைமையின் கைக்கு மாறியிருந்தது. சேரியின் கைக்கு அது வந்து சேரவில்லை.

மறுஆண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்தது. அதன்பின் இராஜாஜி அரசே அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. ராஜா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவிடம் ஒடுக்கப்பட்டோரின் கோரிக்கையை முன்வைத்தபோது, பத்தாண்டுக்கு முன் எதிரெதிரே நின்ற அம்பேத்கரும் ராஜாவும் ஒரே பக்கம் அமர்ந்திருந்தார்கள். 1943 ஆகஸ்ட் 20 அன்று ராஜா காலமானார்.

எடப்புளி நாட்டுக்கு ஒரு பதில்

ராஜாவை மூஞ்சே உடன்பாட்டோடு மட்டும் நிறுத்திவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த உடன்பாடு பிழை என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித்தோன்றல்களே 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும். நீதிமன்றத்தில் அச்சட்டங்களை எடுத்து வாதாடும் ஒவ்வொரு வழக்கறிஞரும், அப்பள்ளி ஆசிரியருக்குக் கடன்பட்டவரே.

அரசமைப்புச் சட்டம் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு தந்தது, பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கியது. புனா ஒப்பந்தத்தின் நால்வர் தேர்வு முறை அதில் இடம்பெறவில்லை. ஒதுக்கீட்டின் கால எல்லை பத்துப் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, இப்போது 2030இல் வந்து நிற்கிறது. 2008 தொகுதி மறுவரையறையில் உப்பிலியாபுரம் தனித்தொகுதி மறைந்து, தமிழ்நாட்டின் பழங்குடித் தொகுதிகள் மூன்றிலிருந்து இரண்டாயின. அடுத்த மறுவரையறை நம் கண்முன் நிற்கிறது. ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை என்பதால், பழங்குடிக் கிராமசபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் கொல்லிமலைக்கு எட்டவில்லை. ஆகவே அந்த ஒற்றைச் சட்டமன்ற இருக்கையின் எடை இங்கு இன்னும் கூடுகிறது.

அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இருக்கை போராடிப் பெறப்பட்டது. சாவி இன்னும் பெறப்படவில்லை. கட்சி வேட்பாளரை அறிவிக்கும் முன்பே யார் வேண்டும் என்று ஊர்கூடிச் சொல்வது, வென்றவரை ஆண்டுதோறும் கிராமசபைக்கு அழைத்துக் கணக்குக் கேட்பது, மறுவரையறைக் குழு ஆட்சேபம் கோரும்போது எழுத்தில் மனுக் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை எடப்புளி நாட்டுக்குச் செல்லும்போது, 332ஆம் பிரிவோடு 1938ஆம் ஆண்டின் அந்த வாக்கெடுப்பையும் சொல்லிவிட்டு வருவேன்.