முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்

1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியே புதுச்சேரி ஜிப்மரின் மூலம். அதன் வாயிலைக் கடக்கையில் எலி மெச்னிகாவை நினைத்துக்கொள்வேன்.

ரஷ்யப் பேரரசில் 1845-இல் பிறந்த அவர், 1882-இல் மெசினாவில் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளவுயிரியில் முள்ளைக் குத்தினார். மறுநாள் காலை, நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. வெள்ளணுக்களே கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்றார். குருதிநீரே காவல் என்போர் மறுத்தனர். 1888 முதல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1908-இல் மறுதரப்பின் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1916-இல் மறைந்தார்.

அணுக்களுக்கு வழிகாட்டியது எது? காயத்திலிருந்து பரவும் வேதிப்பொருள்களை அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் உணர்ந்து, அதனைத் தூண்டி, அவை மிகும் திசையில் செலுத்துகின்றன. இது பின்னாளில் தெளிந்தது. ஏற்பி என்னும் கருத்தோ எர்லிக் தந்தது. ஒருவரின் வினாவுக்கு மற்றவரின் சொல் விடையாயிற்று. ஆதலால், மாற்றுக்கருத்தைப் பகையென எண்ண நான் தயங்குகிறேன்.